சின்னசாமி வைத்த முன்கொக்கி

சின்னசாமிக்கு டிராக்டரை முன்னால் மட்டும்தான் ஓட்டத் தெரியும். டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் வண்டி ஒரு பக்கம் போகும், டிரெய்லர் இன்னொரு பக்கம் போகும். ஆனாலும் ஆம்பூர் வட்டாரத்தில் தன்னைப்போல் டிரைவர் கிடையாது என்பான். கல்யாணமான நாள் முதல் இதைக் கேட்டுக் கேட்டு அவன் மனைவி ஜெயம்மாளுக்குக் காது புளித்துவிட்டது.

அந்தப் பழைய டிராக்டரும் அவள் அப்பா கொடுத்ததுதான். கல்யாணத்துக்கு முன் அதில் ஏர் ஓட்டியவள் அவள். புகுந்த வீட்டில் பெண் ஸ்டியரிங்கைத் தொட்டால் மானம் போய்விடுமாம். வண்டி வந்த வாரமே முன் பம்பரில் சிவப்பு பெயிண்டில் தன் பெயரை எழுதிக்கொண்டான், என்னமோ இவனே சம்பாதித்து வாங்கிய மாதிரி.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்தது. கழனி காய்ந்தாலும் அவர்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்கு டிராக்டரில் டேங்கர் மாட்டித் தண்ணீர் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. அது போனால் அடுப்பு எரியாது. டேனரித் தொட்டியோ நீளமான சந்தின் கோடியில் இருந்தது; திருப்ப இடமில்லை, டேங்கரை ரிவர்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். சின்னசாமி தினமும் சுவரை இடித்துவிட்டு, சந்து சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"இன்னொரு தபா செவுத்துல இடிச்சா வேற வண்டி சொல்லிடுவேன்" என்றார் டேனரி சூப்பர்வைசர் ஷபீ அஹமது.

அன்றைக்கே ஜெயம்மாள் யோசனை சொன்னாள்: "வண்டி முன்னாடி ஒரு கொக்கி வெச்சிக்கய்யா. கேட்டாண்ட டேங்கரக் கழட்டி, வண்டியத் திருப்பி, முன்னாடி மாட்டித் தள்ளு. எல்லாம் கண்ணெதிர்ல தெரியும்."

"ரிவர்ஸ் தெரியாதவன் வெக்கிறதுடி அது" என்றான். மறுநாளே டீக்கடையில் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று அளந்துகொண்டிருந்தான்.

வெல்டர் ஹபீப் குனிந்து பார்த்தார். பம்பர் வெறும் தகடு, அதைக் கழற்றிவிட்டுக் கனமான பிளேட்டை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட வேண்டும் என்றார்.

"அப்ப என் பேரு இன்னாவறது?" என்றான் சின்னசாமி.

பெயரில் ஓர் எழுத்தும் மறையக் கூடாதாம். பம்பரின் மேலேயே கொக்கியைப் பற்றவைத்தால் போதுமாம். ஹபீப் முடியாது என்றதும் வேறு பட்டறையில் செய்துகொண்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினான். கூத்தைப் பார்க்க ஜெயம்மாளும் ஏறிக்கொண்டாள்.

டேனரி கேட்டில் நிறைந்த டேங்கரை முன்னால் மாட்டி கிளட்சை விட்டான். டேங்கர் அசையவில்லை. பம்பர்தான் மடிந்து ரேடியேட்டரில் குத்தியது. வெந்நீர் கொட்டியது.

"பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று தெலுங்குப் பழமொழியை எடுத்துவிட்டாள் ஜெயம்மாள், பேர்தான் பெரிது, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று.

"மட்டமான தகடு" என்றான் அவன். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு தகட்டுப் பெயருக்காக வீட்டுச் சோற்றில் மண் போடப் பார்க்கிறானே!

"பாய், நாளைக்கு ஒரு நாள் டைம் குடுங்க" என்று ஷபீ அஹமதுவிடம் கேட்டு வாங்கினாள். வண்டியை ஹபீபிடமே இழுத்துப்போனாள். ரேடியேட்டர் ஓட்டை அடைபட்டது, பம்பர் போனது, பிளேட் ஏறியது. மறுநாள் அவளே ஓட்டிப்போய் டேங்கரைத் தள்ளினாள். அது நேராகப் போய்த் தொட்டியோரம் நின்றது.

"இனிமே நீங்களே ஓட்டிட்டு வாங்கம்மா" என்றார் ஷபீ அஹமது. வேலை பிழைத்தது.

சாயங்காலம் டீக்கடையில் சின்னசாமி சொல்லிக்கொண்டிருந்தான்: "டேனரிக்கெல்லாம் அலைய முடியல. டிரைவர் வெச்சிட்டேன்."

அந்த வழியாக வந்த ஜெயம்மாளின் காதில் அது விழுந்தது.

மறுநாள் காலை அவள் பக்கத்தில் மட்கார்டில் ஏறி உட்காரச் சின்னசாமி காலைத் தூக்கினான்.

"மொதலாளி எதுக்குய்யா வெயில்ல அலையணும்? மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளாம கெடக்கு, போ" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.