கல்லுக்குப் பதிலாக

மாஞ்சோலையில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மிருகங்களுக்குக் குறைவே இல்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயன் வீட்டுக்குப் பின்னால் மிளா மான் வந்து நிற்கும். யானை வந்தால் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். கருங்குரங்கு கத்துகிற சத்தத்தில்தான் பாதி நாள் விடியும். புலியை மட்டும் பார்த்ததில்லை. அதன் கால்தடத்தைப் பார்த்திருக்கிறேன்.

மழை விட்ட ஒரு காலையில், கொழுந்து எடுக்கப் போகிற பாதையில், ஈரச் சேற்றில் அப்போதுதான் பதிந்த மாதிரி இருந்தது. கூட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள். நான் குனிந்து என் உள்ளங்கையை அதற்குள் வைத்துப் பார்த்தேன். கை முழுக்க உள்ளே போய் இன்னும் இடம் கிடந்தது. ஆனால் நகம் பதிந்த அடையாளமே இல்லை. மாட்டைக் கிழிக்கிற நகத்தை எங்கே ஒளித்து வைத்துக்கொண்டு அது நடக்கிறது? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

எஸ்டேட் வேலை நின்று எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் வீட்டோடு இருப்பது எங்கள் பக்கம் கொஞ்சம் கூச்சமான காரியம். மருமகன் தங்கமான மனிதர். ஆனாலும் அவர் வீட்டில் இருக்கும்போது நான் அடுக்களை வாசலைத் தாண்டமாட்டேன். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. வேண்டியதை மகளிடம் சொன்னால் அவள் சொல்லிக்கொள்வாள்.

பேத்திக்கு முழுஆண்டு லீவு விட்டதும் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒரு சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். மருமகன் கடை லீவான திங்கள்கிழமையைச் சொன்னார். பேத்தி போனைப் பார்த்து, அன்றைக்கு அங்கேயும் லீவு என்றாள். அப்படியானால் செவ்வாய் என்றார். செவ்வாய் வெறுவாய், நல்ல காரியத்துக்கு ஆகாது என்று மகள் மறுத்தாள். கடைசியில் புதன் என்று முடிவாயிற்று. காலை ரயில், கையில் கட்டுச்சோறு.

நான் அடுக்களையில் கட்டுச்சோற்றுப் புளிக்காய்ச்சலுக்குப் புளியை ஊறப்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த பேத்தியிடம் அங்கே புலி இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். இருக்கிறதாம். நடக்குமா, படுத்தே கிடக்குமா, நாம் எவ்வளவு கிட்டத்தில் நிற்கலாம் என்று கேட்டதற்கு அவளுக்கு விடை தெரியவில்லை.

நீங்களும் வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. “நீ பாக்காத மிருகமா? காட்டுக்குள்ளயே கெடந்தவதானம்மா” என்று மகள் முன்னமே கேலி பேசியிருந்தாள். நானும் ஆமாம் என்று சிரித்துவைத்தேன். வீட்டுக்கும் ஒரு ஆள் வேண்டும்.

அப்போதுதான் மகள் தலையை எண்ணினாள். “மூணு பேராப் போனா போன காரியம் வெளங்காதே. யம்மா, வெளிய போயி ஒரு கல்லு எடுத்துட்டு வா.”

மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வேறு வழி இல்லையென்றால் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டால் அது நாலாவது ஆளாகிவிடும்.

அடுக்களைப் பின்வாசல் வழியாக வெளியே போனேன். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லியைக் குவித்து வைத்திருந்தார்கள். கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்தேன். இது ரயில் ஏறும், பாலம் தாண்டும், புலிக்கூண்டு வரைக்கும் பைக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வரும் என்று நினைத்தேன். அந்தக் கல் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. குவியலிலேயே அதைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

“என்னம்மா, கல்லு எங்க?” என்றாள் மகள்.

மருமகன் எதிரே இருந்தார். நான் அடுக்களைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னேன்:

“கல்லு வந்து என்னத்தப் பாக்கப்போவுது?”



“அப்போ நீ வாரேங்கியா?” என்றாள் மகள். நான் நிலையை விடவில்லை. மருமகன்தான் பேசினார். என்னைப் பார்த்தே கேட்டார்.

“அத்தை, அங்கன போயி மொதல்ல எதப் பாக்கணும்?”

“புலி காலு. நகத்த எங்கன வச்சிருக்குன்னு.”

அவர் சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பி விரல்நுனிகளைப் பார்த்தார். நகம் தெரியாமல் மடக்க முடியுமா என்று செய்துபார்க்கிறார் என்று தோன்றியது. பிறகு, அது தனக்கும் தெரியவில்லையே என்றார்.

பேத்தி உடனே போனை எடுத்துத் தேடப் போனாள்.

“தேடாதட்டீ. அங்கன போயே பாத்துக்கிடுவோம்” என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் உள்ளே போய் இன்னொரு உருண்டை புளியை ஊறப்போட்டேன்.