ஈசானி மூலையில் முதல் சட்டி

எங்கள் வீடு எரிந்துகொண்டிருந்தபோது நானும் என் மனைவியும் திருச்செந்தூரில், கோயிலுக்குள் போகுமுன் கைபேசியை ஒப்படைக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பதறாதீய. உங்க வீடு எரியுது."

பதறாமல் இருப்பதற்கு உதவியாக அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். "அடுப்ப அணைச்சிட்டுத்தான வந்தேன்" என்றாள். வரிசையை விட்டு விலகினோம். பின்னால் நின்றவர்கள் எங்கள் இடத்துக்கு நகர்ந்துகொண்டார்கள்.

எங்கள் வீடு பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. கோடையில் மலையில் புல் எரிவது எங்களுக்குப் புதிதல்ல. தூரத்தில் சிவப்புக் கோடு தெரியும். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்த வருஷம் காற்று திசை மாறி, தீ கீழே இறங்கிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் வைக்கோல் படப்பு பிடித்தது. அது எங்கள் சுவரை ஒட்டி இருந்தது. அதிலிருந்து எங்கள் ஓட்டுக்கூரைக்குத் தாவியது. கூரைக்குக் கீழே இருந்ததெல்லாம் பனங்கட்டை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு சுவர்களும், தண்ணீர் தீர்ந்துபோன ஒரு தீயணைப்பு வண்டியும் நின்றன.

படப்பைத் தள்ளிப் போடச் சொல்லி என் மனைவி பல வருஷமாகச் சொல்லிவந்தாள். ஆகவே வீட்டை எரித்தது படப்பு என்பது அவள் கட்சி. மலைதான் எரித்தது, தன் வைக்கோலும் அதில் போய்விட்டது என்பது பக்கத்து வீட்டுக்காரர் கட்சி. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் தன் தொழுவத்துக்கு வரும்போது இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாங்கள் அப்போது ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்ததால், முகத்தைத் திருப்புவதற்கென்றே இவள் பஸ் பிடித்து வந்ததுபோல எனக்குத் தோன்றும்.

சூட்டில் சுவர்கள் வெடித்துவிட்டன, பழைய அஸ்திவாரமும் தாங்காது என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் இடித்துத் தோண்டினோம். சாம்பலுக்கடியில் மனைவியின் தையல் மிஷின் கிடைத்தது. சக்கரம் இருந்தது, சுற்றவில்லை. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். பிறகு, "பழைய இரும்புக்காரன் வந்தா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

கான்கிரீட் போடும் நாளன்று விடிந்ததும் மிக்ஸர் ஓடத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் முதல் சட்டி கான்கிரீட்டை ஈசானி மூலை அஸ்திவாரக் குழியில் போட வேண்டும் என்றார் கொத்தனார். மனைவி கொட்டினாள். கொட்டிவிட்டு நகராமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எரியுமா?"

"கான்கிரீட் எரியாதுக்கா."

"சிமெண்டு?"

"எரியாது."

"ஜல்லி?"

"அக்கா, அது கல்லு."

"கேட்டு வச்சுக்கிடுதேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. தீக்குப் பிறகு அவள் உலகத்திலுள்ள பொருட்களை எரிவது, எரியாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எதில் சேர்த்தி என்று கேட்கவில்லை.

பாதிக் குழிகள் நிரம்பியபோது கரண்டு போயிற்று. மிக்ஸர் டீசலில் ஓடுவது. ஆனால் தண்ணீர் எடுக்கும் மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். தொட்டியில் சேர்த்து வைத்த தண்ணீரும் ஒரு குழி பாதி நிரம்பியிருக்கும்போது தீர்ந்தது. கொத்தனார் வானத்தைப் பார்த்தார். "பாதில நிறுத்துனா அப்புறம் போடுதது இதோட ஒட்டாது அண்ணாச்சி" என்றார். மின்வாரியத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் எந்த ஊர் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். அவர் தன் தொழுவத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பினேன். மனைவி என்னை நிறுத்திவிட்டுத் தானே வேலியருகே போனாள்.

"அண்ணாச்சி, எஞ்சினப் போடுங்க."

"இப்பத்தான் என் ஞாபகம் வருதாக்கும்?"

"தண்ணி ஞாபகம் வந்துச்சு."

அவர் சிறிது நேரம் யோசித்தார். ஏற்கெனவே குழாயைச் சுருட்டித் தோளில் போட்டிருந்ததால் அதிக நேரம் யோசிக்க முடியவில்லை. எஞ்சின் புகை தள்ளியது. மனைவி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். தண்ணீர் வந்தது. அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. கம்பி கட்டியது சரியில்லை என்றார், ஜல்லி பெருசு என்றார். கொத்தனார் எல்லாவற்றுக்கும் "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் போக்கில் செய்தார்.

கடைசிக் குழி நிரம்பியதும் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

"புதுப் படப்ப எங்கன போடப் போறிய?"

"நீங்க எங்கன சொல்லுதியளோ அங்கன."

"இந்தப் பக்கம் கூடாது."

"சரி. நீங்களும் அடுப்படிய இந்தப் பக்கம் வைக்கக் கூடாது."

அடுப்படிக்கான குழிகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. கான்கிரீட் இறுகத் தொடங்கியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். "போட்டது போட்டாச்சு" என்றார் அவர், தேநீரைக் குடித்தபடி.

வீடு எழும்பிவிட்டது. இரும்புக் கதவு, சிமெண்ட் அலமாரி. மரம் என்று பார்த்தால் சப்பாத்திக் கட்டை மட்டும்தான். படப்பு இப்போது அவர் வீட்டின் மறுபுறம், அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. அதனால் அவர் வீட்டம்மா அவரோடு பேசுவதில்லை. அந்தம்மா சாயங்காலம் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, என் மனைவியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.