நூற்றுப்பத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு

மேகத்துக்குள் யாரோ அம்மி அரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். உடனே மாடிக்கு ஓடி, உப்பளங்களின் வெள்ளைக்கு மேலே கனவுபோல மிதந்துபோகும் விமானத்தின் வாலை வைத்து அதன் ரக நம்பரைச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த நம்பரும் வாங்காத எனக்கு, பட்டாளத்துச் சரக்கு விமானங்களின் நம்பர்கள் மட்டும் பழைய பத்திரிகைகளின் தயவில் ஜெபம் மாதிரி மனப்பாடம்.

அந்த ஞானம் ஒரே ஒருமுறை வீட்டுக்குத் தேவைப்பட்டது. ரோஸ்லின் அக்காவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வடக்கே விமானப்படையில் மெக்கானிக்; சி-119 என்ற இரட்டைவால் விமானத்தில் வேலை. அவற்றுக்கெல்லாம் ஓய்வு கொடுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் அப்பா கல்யாணத்தை நிறுத்திவைத்தார். அவர் கொழும்புக்குச் சரக்குத்தோணி ஓட்டிய "தண்டல்". தோணியை உடைத்தால் அதில் போனவர்கள் கரையில் உட்காரவேண்டியதுதான் என்பது எங்கள் தெருவின் சட்டம்.

"அதுக்குப் பதிலா ரஷ்யாக்காரனோட முப்பத்திரெண்டு வருதுப்பா. அத்தான் அதுல வேலை பாப்பாவ," என்றேன்.

"நூத்திப்பத்தொம்பதுல இருந்தவன முப்பத்திரெண்டுக்கு எறக்கிட்டானா? அப்படி என்னல தப்பு பண்ணுனான்?"

நம்பர் பதவியல்ல, அமெரிக்காக்காரன் சரக்கு விமானத்துக்கு ‘சி’ போட்டு வரிசையாக எண்ணுகிறான், ரஷ்யாக்காரன் விமானத்தை வடிவமைத்தவர் பெயரைப் போட்டு எண்ணுகிறான், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அமெரிக்காக்காரன் நூற்று நாற்பதைத் தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எண்ணத் தெரியாதவன் செஞ்சதுலயா இவன் இவ்வளவு நாளும் இருந்தான்?"

கல்யாணம் மூழ்குவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து அக்கா வந்து நின்றாள்.

"தோணி ஒடஞ்சு நீங்களுந்தான் கரையில சும்மா இருந்திய. அம்மா ஒங்கள விட்டுட்டா போனா?"

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், கோவிலில் சாமியாரிடம், பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

இன்று பாய்த்தோணி இல்லை, இரட்டைவால் இல்லை, அப்பாவும் இல்லை. அந்த முப்பத்திரண்டு விமானத்திலேயே வேலை பார்த்துத் தலை நரைத்து ஓய்வுபெற்ற அத்தான், முத்தையாபுரம் வீட்டு நாற்காலியில் கடற்காற்றுக்குக் கண்ணை மூடிக் கிடக்கிறார். "பொழுதன்னைக்கும் இங்கனயே கெடக்காவ. அப்பா பேச்சக் கேட்டிருக்கணும்ல," என்று என்னிடம் அலுத்துக்கொண்டே, அவருக்கு இன்னொரு டீ ஆற்றுகிறாள் அக்கா.