ஒரு பாட்டுக்கு மூன்று முடிவுகள்

மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் பின்னால் நிற்கிறவன். முன்னால் நிற்கிறவர்களின் முகத்தைச் சனம் பார்க்கும், முதுகை நான் பார்ப்பேன். யார் எந்த வரியில் திணறுகிறார்கள், யார் யாருக்குக் கண் காட்டுகிறார்கள், யார் பாட்டு முடியுமுன்பே அடுத்த பாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். இப்படி நின்று நின்றுதான் எனக்குச் சந்தேகக் குணம் வந்தது என்று நான் சொல்வேன். என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, கொடுத்த தேத்தண்ணியை மோந்து பார்த்துவிட்டுக் குடித்த ஆள் நீங்கள் என்பாள்.

நான் மலையகத்தில் றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். கோயில் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்க ஆளுக்கு ஆள் போட்டி, பேஸ் எடுக்க மட்டும் ஒருவருமில்லை. "நீதான் ஆளு மொத்தமா இருக்க, மொத்தக் கம்பிய நீயே வச்சுக்க" என்று என் கையில் கொடுத்தார்கள். திருவிழாவில் வியர்க்க வியர்க்க வாசித்துவிட்டு இறங்கினால், "நல்லாத்தான் இருந்திச்சு. ஆமா, நீ என்னா வாசிச்ச?" என்று கேட்பார்கள். பேஸ் ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

பிறகு கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. வயர் சுற்றுவதில் தொடங்கி, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கோத்து முடிக்கிற தயாரிப்பாளன் வேலை வரைக்கும் பழகினேன். அந்த வேலைக்குச் சந்தேகம் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து வாசித்ததில் எங்கோ ஒரு பிசகு இருக்கும். யாருடையது என்று கண்டுபிடிக்க, மற்ற எல்லோர் சத்தத்தையும் நிறுத்திவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போட்டுக் கேட்க வேண்டும். பாட்டுக்கு இது நல்லது. வீட்டில் செய்தால் சோறு கிடைக்காது.

ஊர் திரும்பி, ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியை எடுத்து என் சொந்த ஒலிப்பதிவு அறையைத் தொடங்கினேன். கூடவே எங்கள் குழுவும் தொடங்கியது. மூன்றே பேர். டிரம்ஸ் வாசிக்கிறவன் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன், மச்சான் என்றுதான் பேசிக்கொள்வோம். பாடுகிறவள் தோட்டப் பாடசாலை டீச்சர். கிட்டாரும் அவளே வாசிப்பாள், என்னை அண்ணே என்பாள். ரொக் வாசிக்கிறோம் என்றால் கோயில் கமிட்டிக்காரர்கள், "சாமி பாட்டு ரெண்டு போட்டுட்டு, பொறகு எப்பிடி வேணும்னாலும் கத்துங்க" என்பார்கள். அப்படியே கத்தினோம். சனத்துக்கும் பிடித்துப்போனது.

சொந்தப் பாட்டுகளாகச் சேர்த்து ஓர் அல்பம் வெளியிட ஆசை வந்தது. ஹட்டன் அறையில் பகலெல்லாம் பஸ் ஹோர்ன், கீழே நானாவின் கடையில் தகரம் வெட்டுகிற சத்தம். புதுப் பாட்டை நிம்மதியாகப் பழக ஓர் இடம் தேவைப்பட்டது. டிரம்மரின் குடும்பம் புது வீட்டுக்குப் போய்விட்டதால் அவர்களுடைய பழைய லயக் காம்பிரா, ஒற்றை அறை வீடு, காலியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டோம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளையும் முட்டை அட்டைகளையும் அடித்தேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். தலைக்கு மேலே, எல்லா லயத்திலும் போல, தகரத்தின் குளிர் இறங்காமலிருக்க அட்டை அடித்திருந்தது. வேலை முடிந்து வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஓர் இருமல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. நல்ல அடைப்பு என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அந்த வருடம் பொகவந்தலாவைத் திருவிழாவில் வேறொரு குழுவுக்கு ஒலியமைக்கப் போயிருந்தேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், என் அறையில்தான் பாட்டுப் பதிகிறவர்கள். நாலைந்து பாட்டு முடிந்ததும் அவர்களுடைய கீபோர்ட்காரத் தம்பி ஒரு மெட்டைத் தொடங்கினான். எங்கள் அல்பத்தின் முதல் பாட்டு. நான் ஒரு மாதம் உட்கார்ந்து கட்டின மெட்டு, அந்தக் காம்பிராவையும் எங்கள் மூவர் போனையும் விட்டு வெளியே போகாத மெட்டு. சனம் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு மிக்சரில் நின்று ஒலி கூட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அப்போதே அவனைக் கேட்டிருக்கலாம். ஆனால் கள்ளனிடம் கேட்டால் கள்ளன் உஷாராகிவிடுவான் என்பது என் எண்ணம். முதுகில் தட்டி, "நல்லாருந்திச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வீடு சேருமுன்பே அந்த வீடியோ எங்கள் ஆட்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மச்சான், அங்க மிக்சர்ல நின்னது நீதானே?" என்றான் டிரம்மர்.

"ஆமா. அதுக்கு?"

"அதுக்கு ஒன்னுமில்ல. கேட்டேன்."

டீச்சர் சீனி கரைந்த பிறகும் பிளேன்டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "நான் சொல்லலண்ணே. வெளிய பேசிக்கிறாங்க, அவங்க பாட்டெல்லாம் நீங்கதானே செஞ்சு குடுக்குறீங்கன்னு."

மெட்டை விற்றவன் என்ற பெயர் இந்த மலையில் ஒருமுறை விழுந்தால், பிறகு என் படிக்கட்டில் யாரும் பாட்டோடு ஏற மாட்டார்கள். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். இந்த இரண்டு பேரும் போய்விட்டால் எனக்கு வேறு குழு கிடையாது. அதை நினைத்துத்தான் பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்தே வரும். என்னைக் கேட்கிறார்களே, இவர்கள் மட்டும் என்ன, இந்த மெட்டு இவர்கள் இருவர் போனிலும்தானே இருந்தது என்று மனம் கணக்குப் போட்டது.

ஆகவே தெரிந்த வழியில் இறங்கினேன். அடுத்த பாட்டுக்கு மூன்று முடிவு கட்டினேன். டிரம்மருக்கு அனுப்பிய பதிவில் கடைசி வரி மேலே ஏறி முடிந்தது. டீச்சருக்கு அனுப்பியதில் மெதுவாகக் கீழே இறங்கி முடிந்தது. உண்மையான முடிவு ஏறவும் இறங்கவும் செய்யாது, பாதியில் சட்டென்று நிற்கும். அதை எந்தப் போனிலும் பதியவில்லை. மாலையில் தனியாகப் போய், காம்பிராவைச் சாத்திக்கொண்டு, நானே வாய்விட்டுப் பாடி வாசித்துப் பழகினேன். இருவரிடமும், "யாருக்கும் அனுப்பாதீங்க, யார் முன்னாலயும் பாடாதீங்க, சேந்து பொறகு பழகுவோம்" என்று சொல்லியிருந்தேன். இனி எந்த முடிவு வெளியே வருகிறதோ, அந்த ஆள் மாட்டினார்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கமும் இல்லை, வெட்கமும் இல்லை. டிரம்மர் போனைக் கவிழ்த்து வைத்தால், எதை மறைக்கிறான் என்று பார்த்தேன். நிமிர்த்தி வைத்தால், இவ்வளவு தைரியமா என்று பார்த்தேன். டீச்சர் வழக்கத்துக்கு மாறாக ஒரு நாள் தொதல் இனிப்பு வாங்கிவந்தாள். நான் ஏன் என்று கேட்டேன். "சாப்பிடத்தாண்ணே" என்றாள். அந்தப் பதிலும் எனக்குச் சரியாகப் படவில்லை. "மூஞ்ச கொஞ்சம் நல்லா வச்சுக்கிட்டாத்தான் என்ன?" என்றாள் மனைவி. வைத்துக்கொண்டேன், அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பிறகு பொகவந்தலாவைக் குழு புதுப் பாட்டோடு என் அறைக்கு வந்தது. கீபோர்ட்காரத் தம்பி மெட்டை வாசித்துக் காட்டினான். இரண்டாவது வரியிலேயே எங்கள் பாட்டு என்று தெரிந்துவிட்டது. ஏறுமா, இறங்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். டிரம்மரா, டீச்சரா. கடைசி வரி வந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை. பாதியில் நின்றது.

அந்த முடிவு என்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"இது எங்க புடிச்சீங்க தம்பி?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"இது பழைய பாட்டுண்ணே" என்றான் சந்தோஷமாக. "நான் கொழுந்து லொறியில போறேன்ல, மடுவத்துல கொழுந்து நிறுக்க நிக்கிற பொம்பளைங்க பாடுவாங்க. போன திருவிழாவுல வாசிச்சோமே, அதுவும் அங்க புடிச்சதுதான். இந்த மாதிரிப் பாட்டையெல்லாம் யாராச்சும் காப்பாத்தணும்லண்ணே."

என் பாட்டை என்னிடமே காப்பாற்றக் கொண்டுவந்திருந்தான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். டிரம்மரின் தோட்டத்தைச் சொன்னான்.

மறுநாள் மாலை அந்த மடுவக் கொட்டகைக்குப் போனேன். நிறுவை நடந்துகொண்டிருந்தது. கூடையை இறக்கிவிட்டு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராவில் இருக்கிற அக்கா. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நல்ல பாட்டுங்க" என்றார். "கடைசியில நீங்க பட்டுன்னு நிப்பாட்டுறீங்களே, அதுதான் முதல்ல ஒரு மாதிரி இருந்திச்சு. இப்ப பழகிருச்சு. மலையில எல்லாருமே பாடுறோம்."

"ஒங்களுக்கு எப்பிடிக்கா கேட்டுச்சு? அவ்வளவு மெத்தை அடிச்சிருக்கேனே."

"செவுத்துலதானுங்க அடிச்சிருக்கீங்க. லயத்துச் செவுரு கூரை வரைக்குமா போகுது? எங்க வூட்டுக்குள்ள ஒக்காந்து பாடுற மாதிரியே இருக்கும். நீங்க தொடங்குனா டிவிய நிப்பாட்டிருவோம். புள்ளைங்களையும் சத்தம் போடாதீங்கன்னு சொல்லிருவேன். ஏங்க, தப்புங்களா?"

தப்பில்லை என்றேன். நான் லயத்தில் பிறந்தவன். பக்கத்து வீட்டுக் குறட்டையும் சண்டையும் அந்தச் சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளி வழியாக வந்துதான் எங்களைத் தூங்கவைத்தன. வெளியாள் ஒருவன் அந்தக் காம்பிராவைப் பாட்டுப் பழக எடுத்திருந்தால், முதல் வேலையாக ஓர் ஏணி போட்டு அட்டையை நீக்கிப் பார்த்திருப்பான். எனக்கு அது பிறந்த நாளிலிருந்து பார்த்த அட்டை, ஆகவே அண்ணாந்தே பார்க்கவில்லை. எங்களுக்கு அவர்கள் சத்தம் கேட்காததற்குக் காரணம் என் மெத்தையுமில்லை. அந்தச் சனம் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு எங்களைக் கேட்டிருக்கிறது.

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். நான் விற்கவில்லை. அவர்களும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் காம்பிராவுக்கு வரச்சொல்லி நடந்ததைச் சொன்னேன். டிரம்மர் ஸ்டூலில் ஏறி ஓர் அட்டையைத் தள்ளினான், தலையை உள்ளே விட்டான். "அக்கா, இன்னைக்கு என்னா கறி?" என்று கேட்டான். "கருவாடு தம்பி" என்று பதில் வந்தது. இறங்கி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணே, அந்தப் பாட்டு பட்டுன்னு நிக்குதுன்னு அக்கா சொன்னதா சொன்னீங்களே. எனக்கு அனுப்புனது எறங்கித்தானே முடியுது?"

"இல்லியே, ஏறியில்ல முடியும்" என்றான் டிரம்மர்.

இருவரும் போனை எடுத்தார்கள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. இரண்டும் முடிந்தபோது வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது, இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நின்றுபோகிற முடிவு எந்தப் போனிலும் இல்லை, இந்தக் காம்பிராவில் மட்டும்தான் ஒலித்தது என்று சொன்னால்தான், சுவருக்கு மேலால்தான் பாட்டுப் போனது என்பது உறுதியாகும். நான் விற்கவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி இல்லை. ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னையுமா மச்சான்?" என்றான் டிரம்மர். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

டீச்சர் கிட்டாரை எடுத்தாள். "சரி, உண்மையான முடிவுல பாடிப் பாப்போம்" என்றாள். நான் வாசித்தேன். கடைசி வரியில் அவள் குரல் நிற்காமல் இறங்கிப் போனது. மறுபடி பாடினோம், மறுபடியும் இறங்கியது. எத்தனை தரம் என்று தெரியவில்லை, ஒவ்வொரு தரமும் அதே இடத்தில்தான்.

"வீட்டுல சமைக்கிறப்ப எல்லாம் இதத்தான் பாடிக்கிட்டிருந்தேன்" என்றாள். "ஸ்கூல்ல புள்ளைங்க கேட்டாங்க, வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுக்கிறீங்களே, என்னா பாட்டு டீச்சர்னு. யார் முன்னாலயும் பாடாதீங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல. நான் சொல்லல."

உண்மையைச் சொன்னால், அவள் பாடிய முடிவுதான் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "இதையே வச்சுக்குவோம். இதுதான் நல்லாருக்கு" என்றேன்.

"இது பாட்டு இல்லண்ணே. எலிப்பொறியில வைக்கிற கருவாடு." கத்தவில்லை, அழவில்லை. கிட்டாரைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். வட்டவளை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

வேறு எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று இன்றைக்கும் மனைவியிடம் வாதாடுகிறேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, மோந்து பார்த்துக் குடியுங்கள் என்கிறாள். டிரம்மர் இன்னமும் என்னோடுதான் வாசிக்கிறான். புதிதாக ஒரு பாட்டை அனுப்பினால், "இது எத்தனாவது முடிவு மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் குச்சியை எடுக்கிறான். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறான், ஆனால் ஒருமுறைகூடக் கேட்காமல் விட்டதில்லை. டீச்சர் திரும்பி வரவில்லை. அந்தப் பாட்டைப் பாட நான் வேறு ஆளைத் தேடவுமில்லை.