மரத்துக்கு முப்பத்தெட்டு டோக்கன்

சலவைக் கடையில் அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். வருகிற துணி ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சின்னத் துண்டைக் கட்டுவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவர் தோளில் ஏறியதில்லை. கடையில் அவள் வாய் திறப்பது அபூர்வம். வீட்டில் அவள் சத்தம் கேட்டதெல்லாம் தும்மலாகத்தான்.

அதுவும் வருடத்தில் மூன்று வாரம். பரணிலிருந்து கிறிஸ்துமஸ் மரம் இறங்கியதும் ஆரம்பித்துவிடும். காலையில் கண் விழித்தால் வரிசையாகப் பத்து, பன்னிரண்டு. கண் சிவக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். மரம் பரணுக்குத் திரும்பினால் எல்லாம் அடங்கிவிடும்.

"ஊர்ல எந்த மரத்துக்கும் வராத தும்மல் நம்ம மரத்துக்கு மட்டும் வருது பாரு," என்பாள் அடுத்த தெருவில் குடியிருக்கும் நாத்தனார். "மூக்குக்கே நம்ம வீடு பிடிக்கல."

பிளாஸ்டிக் மரம் அது. மாமனார் வாங்கியது. ஒவ்வொரு கிளையையும் அவர்தான் நடுக்கம்பியில் மாட்டுவார், அவர்தான் கழற்றுவார். அவர் போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு மாமியார் யாரையும் கிளையைத் தொட விடவில்லை. மரத்தை முழுசாகக் கயிற்றால் கட்டி, பழைய மெத்தை விரிப்பில் சுற்றி, அப்படியே பரணில் ஏற்றுவாள்.

இந்த வருடம் மரம் இறங்குவதற்கு முன்பே நாத்தனார் ஒரு பெட்டியோடு வந்தாள். இவளுடைய புடவை மூன்றை அவளே மடித்து உள்ளே வைத்தாள்.

"மரம் இருக்கிற வரைக்கும் உங்க அம்மா வீட்ல இரு. பாப்பா இங்கயே இருக்கட்டும். பண்டிகைக்குப் பிள்ளை இல்லாம வீடு வீடாவா இருக்கும்?"

பஸ் ஓட்டும் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மூணு வாரம்தானே," என்றான்.

அவள் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, கதவருகே நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் போகல அத்தை. என் பிள்ளையை விட்டுட்டுப் போகவும் மாட்டேன். மரம் குளிச்சா சரியாயிடும்."

"மரம் குளிக்கணுமா?" மாமியார் நெஞ்சில் கை வைத்தாள்.

"பரண்ல கிடந்த போர்வையை யாராவது கடைக்குக் கொண்டு வந்தா எனக்கு இதே தும்மல் வருது. துவைச்சதும் நின்னுடுது. மரத்து மேல எனக்குக் கோபமில்ல. அதுல ஆறு வருஷத் தூசி இருக்கு."

"எந்தக் கிளை எங்கன்னு அவருக்குத்தான் தெரியும். கழட்டினா அவர் வச்ச மாதிரி வராது."

"ஒரு நாளைக்கு நானூறு துணி என் கை வழியாப் போகுது அத்தை. ஒண்ணு மாறினதில்ல."

"அம்மா வேணாங்கிறாங்கல்ல? கேக்கலையா?" என்றான் கணவன்.

"கேட்டுச்சுங்க. நீங்க மரத்தை மட்டும் இறக்கிக் குடுங்க." அவள் முகத்தைப் பார்த்தவன் ஏணியை எடுத்தான்.

கொல்லையில் மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடிக்கிளைக்கு ஒன்றாம் எண். கட்டினாள், கழற்றினாள், சோப்புத் தண்ணீரில் முக்கினாள். தொட்டித் தண்ணீர் சாக்கடையாகக் கறுத்தது. துணிக்குள்ளேயே தும்மினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கட்டினாள். மாமியார் வாசற்படியை விட்டு நகரவில்லை.

பதினேழாவது கிளையில் கை நின்றது. உடைந்த இடத்தில் நீல நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"அத்தை, இது மாமா சுத்தினதா?"

மாமியார் இறங்கி வந்தாள். "அதைக் கொடு இங்க," என்று வாங்கி, அந்த ஒரு கிளையை மட்டும் தானே கழுவினாள். முகம் மட்டும் உர்ரென்றுதான் இருந்தது.

துணிக்கொடியில் முப்பத்தெட்டுக் கிளைகள் கிளிப் மாட்டித் தொங்கின. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, மரத்தையே துவைச்சுப் போட்டிருக்க! இஸ்திரி உண்டா?"

"கஞ்சி போடணும்னு பாத்தேன்க்கா, அத்தை விடல."

மாமியார் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

காய்ந்த கிளைகள் எண்படி ஏறின. மாமியார் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பழைய விரிப்பு குப்பை வண்டியில் போயிற்று. மறுநாள் காலை நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாத்தியா, இன்னும் தும்முற!"

"ரெண்டுதான், அண்ணி. போன வருஷம் பன்னெண்டு. எண்ணுறதுதான் என் பொழப்பு."

பண்டிகை முடிந்தது. மரத்தை எடுத்து வைக்கும் நாளில் அவள் டோக்கனோடு கிளைகளைக் கழற்றி, கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"ஏய், அது நான் உனக்குக் கொண்டு வந்த பெட்டி!" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி. மரம் போகுது. நான் இங்கதான் இருக்கேன்."

மாமியார் மூடியை அழுத்திப் பிடிக்கக் குனிந்தவள், நிமிர்ந்து கேட்டாள்: "முப்பத்தெட்டும் இருக்கா?"

அவள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள், கூடத்துக்கே கேட்கும்படி, வாய்விட்டு.