டீச்சருடன் தைத்த சனி ஞாயிறுகள்

டீச்சரின் தையல் மெஷினை எப்போதும் அவருடைய கணவர்தான் தூக்கிக்கொண்டு வருவார். காரின் பின்கதவைத் திறந்து, துவாயால் சுற்றி வைத்த மெஷினை இரண்டு கைகளாலும் பக்குவமாக எடுத்து, நீர்கொழும்பு வீட்டின் முன்கூடத்தில் யன்னலோர மேசையில் வைப்பார். வயரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு எங்கள் மூவரின் மெஷின்களையும் இறக்கித் தருவார். கடைசியாக முன்சீட்டிலிருந்து தேத்தண்ணியோடு தின்ன ஒரு பெட்டி பட்டிஸ் வரும். "டீச்சரை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போவார். கார் வளைவில் திரும்பும்வரை நாங்கள் கைகாட்டிக்கொண்டு நிற்போம். இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எங்களில் யாராவது ஒருத்தி சொல்லாமல் விட்டதில்லை. அநேகமாக அது நானாகத்தான் இருக்கும்.

வெள்ளவத்தையில் ஆறு மாதம் நடந்த ஒரு தையல் வகுப்பில்தான் நாங்கள் நால்வரும் பழகினோம். நான் அங்கே ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவள் ஒரு நர்ஸ். நோயாளிகள் கூப்பிடுவதுபோல நாங்களும் அவளை மிஸ்ஸி என்றே கூப்பிட்டோம். தெமட்டகொடையிலிருந்து வருபவரை அவருடைய தங்கை ராத்தா என்று அழைப்பதைக் கேட்டு எங்களுக்கும் அவர் ராத்தாவாகிவிட்டார். டீச்சர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இருபது வருடங்கள் கணிதம் படிப்பித்துவிட்டு, ஓய்வுபெறும் வயதுக்கு முன்னரே வேலையை விட்டவர். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய கணவரை நாங்கள் மரியாதையாகச் சேர் என்போம். வகுப்பு முடிந்ததும் பிரிந்துபோக மனமில்லை. மிஸ்ஸியின் மச்சாள் குடும்பத்தோடு இத்தாலியில் இருக்கிறாள். களப்புப் பக்கம் பூட்டிக் கிடந்த அவளுடைய வீட்டை இடைக்கிடை திறந்து கூட்டிவிட ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனி காலை போய் ஞாயிறு பின்னேரம் திரும்புகிற வழக்கம் தொடங்கியது.

அந்த வீட்டில் எங்களுக்கு எங்கள் வீடுகளின் நினைவே வராது. ராத்தா வெட்டுத் துண்டுகளைத் தரையெல்லாம் பரப்பி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அரை நாள் யோசிப்பார். மிஸ்ஸி ஒரே இருப்பில் மூன்று சட்டை தைத்துவிடுவாள். நான் தைத்ததில் பாதியைப் பிரித்துக்கொண்டிருப்பேன். டீச்சர் மட்டும் அளந்து, மறுபடி அளந்து, ஒரே வெட்டாக வெட்டுவார். அவர் தைத்த கொலரைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாது. சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாண், பருப்பு, கரையோர மீன்வாடியில் வாங்கிய இறாலில் ஒரு குழம்பு. வகுப்பறையில் பிள்ளைகளை நடுங்கவைத்தவர் என்று பெயரெடுத்த டீச்சர், அந்தக் கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒவ்வொரு மணித்தியாலமும் டீச்சரின் போன் ஒருமுறை கிணுங்கும். தைத்துக்கொண்டிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிச் சேரின் மெசேஜ் வந்திருக்கும். முதலில் தையலை மட்டும் அனுப்பினால் போதுமாயிருந்தது. பிறகு டீச்சரின் முகமும் தெரிய வேண்டியிருந்தது. அதன் பிறகு கூடம் முழுவதும், நாங்கள் எல்லோரும். நாங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தும், துணியைத் தலையில் போட்டும் படத்துக்கு நின்றோம். கிழவர் பெண்சாதியை விட்டு இருக்க மாட்டார் என்று மிஸ்ஸி பகிடி பண்ணுவாள். டீச்சர் அதற்குச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. படம் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் விழும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிப்போக வந்த சேர், மெஷினுக்குத் துவாயைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். "நேற்றுப் பின்னேரம் களப்புப் பக்கம் நடந்து போனனீங்கள் என்ன? டீச்சர் உங்கட சிவப்புக் குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ." நாங்கள் போனது உண்மைதான். குடையும் உண்மைதான். ஆனால் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். அந்த நடையை யாரும் படமெடுக்கவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் நூல் கட்டைகளை நிறம் நிறமாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்தவர், எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த முறை மிஸ்ஸி டீச்சருக்கு ஒரு சாரிச் சட்டை தைப்பதற்காக அளவெடுத்தாள். நான் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன். முந்தைய அளவைவிட இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. மேற்கையைச் சுற்றி டேப்பைப் போட்ட மிஸ்ஸி அப்படியே நின்றுவிட்டாள். கையின் உட்பக்கத்தில் நான்கு இரத்தக் கண்டல்கள், விரல்கள் பதிந்த இடைவெளியில், பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. மிஸ்ஸி அந்த மாதிரிக் கண்டல்களை வார்ட்டில் எத்தனையோ முறை பார்த்தவள். டீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அளவைச் சொல்லுங்கோ மிஸ்ஸி, அவ எழுதட்டும்," என்றார். மிஸ்ஸி சொன்னாள். நான் எழுதினேன்.

அன்று குசினியில் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க கேக்கோணும் புள்ள. பாத்துட்டு சும்மா ஈக்க ஏலாது." நான் வேண்டாம் என்றேன். அது குடும்ப விஷயம், அவராகச் சொல்லட்டும் என்றேன். வேறொரு காரணத்தை நான் சொல்லவில்லை. என் அம்மா மூச்சுத் திணறி விழுந்த நாளில், தெருவில் ஒரு ஓட்டோவும் கிடைக்காதபோது, தன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் சேர். மூன்று நாட்கள் வந்து பார்த்தவர். அந்த மனிதரைப் பற்றி இப்படி நினைப்பதே நன்றிகெட்ட செயலாக எனக்குப் பட்டது. அந்தப் பழைய உதவிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

அதற்கு அடுத்த தடவை டீச்சர் வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாகச் சேர் சொன்னார். நானும் ராத்தாவும் பார்க்கப் போனோம். சேர்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். நோவு எப்படி என்று கேட்டால் சேர் பதில் சொன்னார். நித்திரை வருகிறதா என்று கேட்டால் அதற்கும் சேர் பதில் சொன்னார். டீச்சர் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி எங்களுக்கு நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது ராத்தாவின் குடையைக் காணவில்லை. அதைத் தேடிச் சேர் உள்ளே போனார். அந்த அரை நிமிடத்தில் டீச்சர் வகுப்பில் கணக்குச் சொல்லும் குரலில், தணிவாக, ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னார்: "கட்டு வெட்டினாப் பிறகு ஒருக்கா நீர்கொழும்புக்குக் கூப்பிடுங்கோ. அவர் விடுவார். நான் வருவன். ஆனால் திரும்பி இங்க வரமாட்டன்." சேர் குடையோடு வந்தார். ராத்தா அதை வாங்கி, மிகவும் நன்றி என்றார்.

டீச்சர் சொன்னதுபோலவே சேர் அனுமதித்தார். வழக்கம்போலத் தானே கொண்டுவந்து விட்டார். மெஷினை வைத்தார், விளக்கைப் பார்த்தார், பட்டிஸ் பெட்டியைத் தந்தார். கார் போய் அரை மணித்தியாலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு டீச்சர் எழுந்து மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு தலையணை உறையின் ஓரத்தைக் கொஞ்சம் தைப்பார், நிறுத்துவார், நான் அவருடைய போனில் படமெடுப்பேன். மறுபடி கொஞ்சம் தைப்பார். ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று அன்றைய நாளுக்கும் மறுநாளுக்கும் தேவையான படங்கள் எல்லாம் அப்படி எடுக்கப்பட்டன. நடுவில் போய்ச் சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்தார். தான் வீட்டைவிட்டுப் போவது தன் விருப்பத்தின் பேரில் என்று பொலிசுக்கு எழுதிய கடிதம் ஒன்றை மிஸ்ஸியிடம் கொடுத்தார். பதினொரு மணிக்கு மிஸ்ஸி அவரைப் பின்பக்க ஒழுங்கையால் ஓட்டோவில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். தன்னை இறக்கிவிட்டதும் திரும்பி நில்லுங்கள், எந்த பஸ் என்று பார்க்க வேண்டாம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "தெரியாட்டி உங்களால சொல்லவும் ஏலாது" என்றாராம். மிஸ்ஸி அப்படியே திரும்பி நின்றிருக்கிறாள். வரும் வழியில் கடிதத்தையும் பொலிசில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் படத்தை நான் அனுப்பினேன். "நல்லம்" என்று பதில் வந்தது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அதே "நல்லம்." மூன்று மணிப் படத்துக்குப் பிறகு வந்த மெசேஜை மூன்று பேரும் சேர்ந்து வாசித்தோம். "கொஞ்சம் சிரிச்சபடி ஒண்டு எடுத்து அனுப்பும்." எங்களிடம் இருந்த படங்கள் ஒன்றிலும் டீச்சர் சிரிக்கவில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று எங்கள் யாருக்கும், டீச்சருக்கும்கூட, தோன்றவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை. குளிக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. ராத்தா எழுந்து யன்னல் கதவுகளைச் சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, எல்லாவற்றையும் திறந்து வைத்தார்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. சேர் உள்ளே வந்து செருப்பை ஒழுங்காக வாசலில் கழற்றிவைத்தார். நான்கு மெஷின்களையும் பார்த்தார். டீச்சரின் கதிரையில் உட்கார்ந்து, மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"குளிர்ந்து போயிருக்கு," என்றார்.

மிஸ்ஸிதான் பேசினாள். "டீச்சர் போயிட்டாங்க சேர். அவங்களாத்தான் போனாங்க. பொலிசுக்குக் கடிதம் குடுத்தாச்சு."

அவர் மிஸ்ஸியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார். நான் டீச்சரின் போனை அந்தக் கையில் வைத்தேன். "உங்கட அம்மாவை நான்தானே கொண்டுபோனனான்," என்றார், கோபமே இல்லாமல். பிறகு மெஷினுக்குத் துவாயைச் சுற்றி, இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. காலி வீதியில், பேக்கரி வாசலில், கோயிலடியில், எங்கே கண்டாலும் சிரித்து, அம்மாவைச் சுகம் விசாரிப்பார். டீச்சர் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை, எண் காட்டாத அழைப்பில் எனக்குப் போன் எடுப்பார். எங்கேயோ பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பதாகவும், சின்ன மெஷின் ஒன்று வாங்கியிருப்பதாகவும் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் அவர் கேட்பார்: "அவர் உங்களோட கதைச்சவரோ?" ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்றேன். பயப்படுத்த வேண்டாம் என்றுதான் பொய் சொன்னேன். என் அமைதிகளுக்கெல்லாம் இப்படி நல்ல காரணங்கள் இருந்திருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, கிளினிக் திறக்கப் போகும்போது சேர் எதிரே வந்தார். வெள்ளவத்தையில் அன்று தார் உருகும் வெயில். அவர் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இங்கதான் இப்பிடி. அங்க நல்ல மழையாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே என்றால் எங்கே என்று கேட்காமலே போய்க் கிளினிக்கைத் திறந்தேன். அன்று முழுவதும் நோயாளிகளின் பெயர்களைப் பிழையாகக் கூப்பிட்டேன். டீச்சருக்கு எடுக்க என்னிடம் எண் கிடையாது; அவராக எடுத்தால்தான் உண்டு. அதிர்ஷ்டவசமாக மறுநாள் மத்தியானம் எடுத்தார். ராத்தாவின் புதிய போர்வையைப் பற்றி விசாரித்தார். நான் இடையில் புகுந்து கேட்டேன்.

"டீச்சர், அங்க மழையோ?"

இத்தனை காலத்தில் அந்த ஊரைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம். மூண்டு நாளா. ஏன் கேக்கிறீங்கள்?"

இந்த முறை நான் மறைக்கவில்லை. சேர் சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்கு முன்னர் வழியில் கண்டு கதைத்த நாட்களையும், நான் சொன்ன பொய்களையும் சொன்னேன். நான் முடித்ததும், "எப்ப சொன்னவர்?" என்று மட்டும் கேட்டார். நேற்றுக் காலை என்றேன். "நேற்று," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று பின்னேரம் நான் அடுத்த தெருவுக்குப் போனேன். சேரின் வீட்டுக் கேற்றில் பூட்டுத் தொங்கியது. கார் இல்லை. புதன்கிழமை வெளிக்கிட்டவர், எங்கே என்று சொல்லவில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மிஸ்ஸியும் ராத்தாவும் வந்தார்கள். மூவருமாகப் பொலிசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மிஸ்ஸி சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டார். கண்டல்களைப் பற்றி, மணிக்கட்டைப் பற்றி, மழையைப் பற்றி எழுதினார். நல்ல மனுசி. உடனடியாக அந்தப் பகுதிப் பொலிசுக்கு அறிவிக்கலாம் என்று டெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு, டீச்சர் இப்போது இருக்கும் ஊர் எது என்று கேட்டார்.

ராத்தா மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். எங்கள் மூவருக்கும் தெரியாது.