நாற்காலி போட்ட வீடுகள்

மரம் பராமரிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு அண்ணாந்து பார்ப்பதுதான் பாதி வேலை. எனக்கோ அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும். ஏறுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டுவது எங்கள் வீட்டில் இன்றுவரை என் மனைவியின் இலாகா. ரத்தத்தைக் கண்டால் மயங்கும் கம்பவுண்டர்களே, மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் வாத்தியார்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அப்பா துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் வளர்ந்தது கிடர்பூர் குவார்ட்டர்ஸில். நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜென்சியை மூடியபோது, அங்கே தோட்ட வேலை பார்த்த நிமாய்க்கும் என்னோடு சேர்த்தே வேலை போயிற்று. அவன் மரம் ஏறுவதில் சூரன். எனக்கு நாலு பாஷையில் பேச வரும். கிளை கழிப்பது, பூச்சிக்கு மருந்து வைப்பது, பழைய வீட்டுச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது என்று இருவருமாகத் தொழில் ஆரம்பித்தோம்.

முதலாளிக்கே மரம் என்றால் நடுக்கம் என்று வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? இரண்டு குடும்பத்துச் சோறு அந்த ரகசியத்தில் இருந்தது. நிமாயிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

முதல் மாமரம்

முதல் வேலை கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டுக்கார அம்மாளை ஊர் வழக்கப்படி மாஷிமா என்று அழைத்தோம், அதாவது சித்தி. பக்கத்து மாடி வரை படர்ந்திருந்த மாமரம். "நீங்க ஏறலையா?" என்று கேட்டால் சொல்வதற்கு முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு, வியாழக்கிழமை என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன்.

நிமாய்க்கு ஒரு பழக்கம். ஏறுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாக வேண்டும். நேராகச் சமையலறைப் பக்கம் போய்க் கேட்டு வாங்கிக் குடிப்பான். அன்றும் போனான், வந்தான், செருப்பைக் கழற்றினான், அடிமரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினான். பின்னாலேயே மாஷிமா கைவைத்த மர நாற்காலி ஒன்றை நிழலில் கொண்டுவந்து போட்டார். தலையைச் சாய்த்து மேலே பார்க்க வாகான நாற்காலி. மண் குவளையில் டீயும் வந்தது. வங்காளிகளுடைய உபசாரமே உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். என் மூன்று காரணங்களில் ஒன்றை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் மாஷிமா, மகனை அழைப்பதுபோல், சொன்னார்: "நீ உட்காரு பாபா. மரம் எங்கேயும் ஓடிப்போகாது."

வில்வ மரத்தில் குடியிருந்தவர்

கார்டன் ரீச்சில் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. அவர் வீட்டு வில்வக் கிளை மின்கம்பியை உரசியது. வில்வ மரத்தில் பிரம்மதைத்யன் இருப்பான் என்று இங்கே ஒரு நம்பிக்கை. பூணூல் போட்ட பிராமணப் பேய். நல்ல மனதுக்காரர்தான், ஆனால் கேட்காமல் கை வைத்தால் கோபம் வரும். அதிகாரி தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, "முறைப்படி முதலாளிதான் முதல்ல ஏறிப் பர்மிஷன் கேட்கணும்" என்று என்னைக் கை காட்டினார்.

முழங்கால் வலியெல்லாம் பேய் விஷயத்தில் எடுபடாது. நிமாய் அசரவே இல்லை. அவன் என்னை தாதா என்பான். இங்கே அது அண்ணன், நம் சினிமாவில் கத்தி வைத்திருக்கும் தாதா இல்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டே அதிகாரியிடம் சொன்னான்: "தாதா வேண்டாம் சார். அவர் மெட்ராஸ்காரர். மேலே இருக்கறவருக்கு பெங்காலி மட்டும்தான் தெரியும்."

இடுப்பு உயர மரம்

மாற்றலாகி வந்த ஒரு தமிழ் அதிகாரியின் வீடு. துர்கா பூஜைக்கு முந்தின வாரம், மழை விட்டிருந்தது. வாசலில் நின்ற கொன்றையைக் கழித்து முடித்தோம். நிமாய் வழக்கம்போல் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்திருந்தான். எனக்கு வழக்கம்போல் நாற்காலி வந்திருந்தது. நாற்காலியோடு ஃபில்டர் காபியும் வந்ததில் நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மாள், தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டி நுனி கிள்ளச் சொன்னார். நான் நிமாயைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதை, என் முதலாளி மிடுக்குக்கான கேலி என்றே எடுத்துக்கொண்டேன்: "இடுப்பு உயரம்தான் இருக்கு அண்ணா. இதையாவது நீங்களே பண்ணலாமே!"

புயலுக்கு மறுநாள்

அந்தப் பெரும் புயலுக்கு மறுநாள் தெருவெல்லாம் மரமாகக் கிடந்தது. கிடர்பூரில் ஒரு பழைய வீட்டின் மேல் குல்மோகர் மரம் சாய்ந்திருந்தது. நிமாய் மேலே போய் ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான். பாதி அறுந்த கிளை சட்டென்று திரும்பி அவன் காலைக் கவைக்குள் வைத்து இறுக்கிவிட்டது. அவன் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏணியில் எப்படிக் கால் வைத்தேன் என்று தெரியாது. எட்டுப் படி ஏறியிருக்கிறேன், வீட்டுக்காரர் எண்ணியிருக்கிறார். எட்டாவதில் கீழே பார்த்தேன். அவ்வளவுதான், ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். எவ்வளவு நேரமோ. நிமாய் தானே கிளையை நகர்த்திக் காலை உருவி, ரத்தம் வழிய அந்தப் பக்கமாக இறங்கி வந்து, என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தான். "இன்னும் ஆறு, தாதா. இன்னும் அஞ்சு." தரையைத் தொட்டதும் வெட்கம் பார்க்காமல் அழுதேன். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவனையும் நாற்காலியில் கிடந்த என்னையும் மாறி மாறிப் பார்த்த வீட்டுக்காரர் கேட்டார்: "அது சரி, யாரைக் காப்பாத்த யார் ஏறினது?"

நாற்காலி வராத வீடு

நிமாயின் முழங்கால் நிஜமாகவே தேய்ந்துபோய், போன வருஷம் கானிங் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டான். புதிதாகச் சேர்ந்தவர் கெட்டிக்காரர். பெல்ட், ஹெல்மெட் எல்லாம் உண்டு. தண்ணீர்கூடப் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார். அவரோடு போன முதல் வீட்டில் நாற்காலி வரவில்லை. இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டில் தலை சுற்றி, ஒரு மூட்டைச் சருகின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாஷிமாவின் மாமரத்துக்குப் போனபோது அதே பழைய நாற்காலி நிழலில் காத்திருந்தது. "ஊர் ரொம்ப மாறிப்போச்சு மாஷிமா, இப்பல்லாம் யாரும் நாற்காலி போடறதில்லை" என்று புலம்பினேன். அவர் சிரித்தார். "ஊர் மாறலை பாபா. நிமாய் இல்லை."

அவர்தான் சொன்னார். முதல் நாளே தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்கு வந்தானாம். எங்கள் தாதாவுக்கு அண்ணாந்தால் தலை சுற்றும், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி போடுங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டானாம். எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். என் ரகசியம் தெரியாத வீடு நாங்கள் சேர்ந்து போனதில் ஒன்றுகூட இருந்ததில்லை. தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள், டீயும் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கிருந்தபடியே நிமாய்க்குப் போன் போட்டேன். நன்றி சொல்ல வராமல் கோபப்பட்டேன். சத்தியம் செய்துவிட்டு இப்படிப் பண்ணலாமா என்றேன். அந்தப் பக்கம் கோழிகளை விரட்டிக்கொண்டே நிமாய் சொன்னான்: "பின்னே என்ன தாதா, மேலே நின்னுக்கிட்டு நான் கிளையைப் பார்க்கறதா, நீங்க விழாம இருக்கீங்களான்னு பார்க்கறதா?"

இப்போது வேலைக்குப் போகும்போது மடக்கு நாற்காலி ஒன்றை நானே தூக்கிக்கொண்டு போகிறேன். நல்ல விலை கொடுத்து வாங்கியதுதான், ஆனால் அரை மணியில் முதுகு வலி வந்துவிடுகிறது.